அம்பத்தூர் சைக்கிள்

1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகள் வெளிவந்தன.

சைக்கிளின் உயிர் குழாயில்தான். 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அங்கே எஃகுத் தகட்டுப் பட்டையை உருளைகளுக்கிடையே வளைத்து, விளிம்புகளை மின்சாரத்தால் பற்றவைப்பார்கள். குழாய்களை இணைப்புகளில் செருகிப் பித்தளையை உருக்கி இணைத்தால் ஃப்ரேம் தயார். கனம்தான், ஆனால் அரிசி மூட்டையையும் தாங்கும்.

1960இல் சங்கிலிக்கென டி.ஐ. டயமண்ட் செயின் எழுந்தது. ஆலையோடு அம்பத்தூரும் வளர்ந்தது. அங்குள்ள மருத்துவமனை பிரிட்டிஷ் நிறுவனத் தலைவர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரைத் தாங்குகிறது.

மோபெட் பெருகியதும் சைக்கிள் மெல்ல உடற்பயிற்சிக்கு இடம்பெயர்ந்தது. 2011இல் மான்ட்ரா என்ற பெயரில் ரோடு பைக்குகளை டி.ஐ. சைக்கிள்ஸ் இறக்கியது. மூட்டை சுமந்த எஃகின் இடத்தில் அலுமினியமும் கார்பனும் வந்தன.