பாதம் கழுவுதல் (கிறித்தவம்)

பாதம் கழுவுதல் என்பது, இயேசு கிறித்து தம் இறுதி இராவுணவின்போது சீடர்களின் பாதங்களைக் கழுவிய நிகழ்வை நினைவுகூர்ந்து கிறித்தவ சபைகள் பலவற்றில் நடைபெறும் வழிபாட்டுச் செயல் ஆகும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முன்வரும் பெரிய வியாழனன்று (புனித வியாழன் என்றும் அழைக்கப்படும்) இது பெரும்பாலும் இடம்பெறுகிறது. தாழ்மையான பணிவிடை, தன்னலமற்ற அன்பு ஆகியவற்றைச் சிறுவர்களுக்குக் கற்பிக்க மறைக்கல்வி வகுப்புகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பரவலாக எடுத்தாளப்படும் விவிலியப் பகுதியும் இதுவே. ஒரு பாத்திரம் தண்ணீரும் ஒரு துண்டும் போதும் என்பதால் இது நடத்திக் காட்ட எளிதான பாடம். தவறாகக் கற்பிக்கவும் அதே அளவு எளிதானது.

விவிலியப் பின்னணி

பண்டைய பாலத்தீனத்தில் மக்கள் செருப்பணிந்தும் வெறுங்காலுடனும் புழுதிச் சாலைகளில் நடந்தனர். வீட்டிற்கு வரும் விருந்தினருக்குக் கால் கழுவத் தண்ணீர் தருவது அடிப்படை விருந்தோம்பலாக இருந்தது. ஆபிரகாம் தம்மிடம் வந்த மூவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதாகத் தொடக்கநூல் கூறுகிறது (தொடக்கநூல் 18:4). இங்குக் கவனிக்க வேண்டியது, தண்ணீர் கொடுப்பது வேறு, கழுவிவிடுவது வேறு. விருந்தினர் தாமே கழுவிக்கொள்வர், அல்லது வீட்டு அடிமை கழுவுவார். எபிரேய அடிமையை இவ்வேலையைச் செய்ய வற்புறுத்தக் கூடாது என்று யூத விளக்கநூலான மெக்கில்த்தாவில் ஒரு கருத்து காணப்படுகிறது. அடிமைகளுக்குள்ளும் கடைநிலையினர்க்கு உரிய வேலையாக அது கருதப்பட்டதை இதிலிருந்து அறியலாம்.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்வை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். இயேசு பந்தியிலிருந்து எழுகிறார். மேலுடையைக் கழற்றி வைக்கிறார். ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்குமாறு ஒடுக்கப்பட்ட மக்கள் வற்புறுத்தப்பட்ட வரலாறு தமிழகச் சிற்றூர்களுக்கு உண்டு. எனவே இடுப்பில் கட்டிய துண்டு எதைக் காட்டுகிறது என்பது தமிழ் வாசகருக்கு நீண்ட விளக்கமின்றியே புரியக்கூடியது.

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளும் இராவுணவில் அப்பமும் இரசமும் பகிரப்பட்டதைக் கூறுகின்றன. பாதம் கழுவியதைக் கூறவில்லை. யோவான் பாதம் கழுவியதைக் கூறுகிறார். அப்பமும் இரசமும் பகிரப்பட்டதை விவரிக்கவில்லை. எனினும் தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்கள் அந்தப் பந்தியிலேயே வாதிட்டதை லூக்கா பதிவு செய்திருக்கிறார் (லூக்கா 22:24-27). இவ்விரு பகுதிகளையும் சேர்த்துக் கற்பிப்பது பல ஆசிரியர்களின் வழக்கம்.

பேதுருவின் மறுப்பும் யூதாசின் இருப்பும்

சீடரான பேதுரு முதலில் தம் காலைக் கழுவ விடவில்லை. கழுவாவிட்டால் தம்மோடு பங்கில்லை என்று இயேசு சொன்னதும், காலோடு கையையும் தலையையும் சேர்த்துக் கழுவும்படி கேட்கிறார். சிறுவர்கள் சிரித்து மகிழும் இடம் இது. ஆனால் இந்நிகழ்வின் முதன்மையான கருத்தும் இங்கேயே இருக்கிறது. பிறருக்குப் பணிசெய்யச் சொல்லும் கட்டளை பின்னரே (13:14) வருகிறது. அதற்கு முன், அன்பைப் பெற்றுக்கொள்ள ஒருவர் இசைய வேண்டியிருக்கிறது. பெறுவது முதலில், தருவது பிறகு என்ற இவ்வரிசை, மறைக்கல்வியில் அடிக்கடி தலைகீழாகி விடுகிறது.

யூதாசும் அப்போது பந்தியில் இருந்தார். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவர் யார் என்பது இயேசுவுக்குத் தெரிந்திருந்தது என்று நற்செய்தியாளர் வெளிப்படையாகவே எழுதுகிறார் (13:11). யூதாசு வெளியேறுவது கழுவுதல் முடிந்த பிறகுதான் (13:30). அப்படியானால் யூதாசின் காலும் கழுவப்பட்டதா என்ற கேள்வியை வகுப்பில் யாராவது ஒரு சிறுவர் கேட்பதுண்டு. யூதாசு விலக்கப்பட்டதாக நற்செய்தியில் எங்கும் இல்லை. நன்றி எதிர்பாராத அன்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை ஓர் ஆசிரியர் தேடத் தேவையில்லை.

வரலாறு

தொடக்கத் திருச்சபையில் பாதம் கழுவுதல் ஒரு சடங்காக இருந்ததைவிட வீட்டுப் பணியாகவே அதிகம் காணப்பட்டது. உதவிபெறும் கைம்பெண்களின் பட்டியலில் சேர்க்கப்படுவோரின் தகுதிகளுள் ஒன்றாக இறைமக்களின் பாதங்களைக் கழுவியிருப்பது குறிப்பிடப்பட்டுள்ளது (1 திமொத்தேயு 5:10). நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசு திருமுழுக்குப் பெற்றோரின் பாதங்களைக் கழுவும் வழக்கத்தைக் காத்துவந்தார். உரோமையில் அவ்வழக்கம் இல்லை. எசுப்பானியாவின் எல்விரா சங்கம் திருமுழுக்கின்போது குருக்கள் பாதம் கழுவுவதைத் தடை செய்தது. கி.பி. 694இல் கூடிய 17ஆம் தொலேடோ சங்கம், பெரிய வியாழனன்று பாதம் கழுவுவதைக் கட்டாயமாக்கியது.

இச்செயலை அன்றாட வாழ்வோடு பிணைத்தவர்கள் துறவியரே. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், அவ்வார அடுக்களைப் பணியை முடிப்பவரும் அடுத்த வாரம் ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய பாதங்களையும் கழுவ வேண்டும் என விதிக்கிறது (அதிகாரம் 35). விருந்தினரின் பாதங்களை மடத்துத் தலைவரும் துறவியரும் கழுவ வேண்டும் (அதிகாரம் 53). சமையல், பாத்திரம், துண்டு, பாதம் எல்லாம் ஒரே பணியின் பகுதிகளாக இந்நூலில் வைக்கப்பட்டுள்ளன.

பிற்காலத்தில் அரசர்களும் இதைச் செய்தனர். ஆப்சுபர்க் பேரரசர் பிரான்சு யோசப்பு ஆண்டுதோறும் வியன்னா அரண்மனையில் 12 முதியவர்களின் பாதங்களைக் கழுவினார். இங்கிலாந்தில் தாமே நேரில் பாதம் கழுவிய கடைசி மன்னராக இரண்டாம் சேம்சு (ஆட்சி 1685-1688) குறிப்பிடப்படுகிறார். அதன்பின் அங்குக் கழுவுதல் மறைந்து, சிறப்பு நாணயங்கள் வழங்குவது மட்டும் எஞ்சியது. அவ்விழாவில் பங்கேற்கும் அலுவலர்கள் இன்றும் இடுப்பில் துண்டு கட்டியிருப்பர், தண்ணீர்தான் இல்லை.

சீர்திருத்தச் சபைகளில் கருத்து வேறுபட்டது. ஆண்டுக்கு ஒருமுறை மேலோர் நடத்தும் இச்சடங்கு வெறும் நடிப்பாகிவிடுகிறது என்று மார்ட்டின் லூத்தர் கண்டித்தார். மாறாக, மென்னோனைட்டுகளின் தோர்திரெக்ட் அறிக்கை (1632) இதைத் தனி உறுப்பாகவே ஏற்றது. 1708இல் செருமனியின் சுவார்செனாவில் தோன்றிய சகோதரர் சபையினர் தம் அன்பு விருந்தில் ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவுகின்றனர். ஏழாம் நாள் அட்வெந்து சபையில் திருவிருந்துக்கு முன் இது நடைபெறும். இச்சபைகளில் கழுவுபவரும் கழுவப்படுபவரும் மாறிமாறி அமர்வதால், ஒருவர் என்றும் மேல், ஒருவர் என்றும் கீழ் என்ற நிலை எழுவதில்லை.

யாருடைய பாதங்கள்?

கத்தோலிக்கத் திருச்சபையில் 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயசு செய்த புனித வாரச் சீர்திருத்தத்திற்குப் பின், பெரிய வியாழன் மாலைத் திருப்பலியினுள்ளேயே இச்சடங்கை நடத்த வழியேற்பட்டது. ஆயினும் தெரிவு செய்யப்படுவோர் ஆண்களாகவே இருக்க வேண்டும் என்றிருந்தது. 2013 மார்ச் 28 அன்று திருத்தந்தை பிரான்சிசு, உரோமையின் காசல் தெல் மார்மோ சிறார் சிறையில் 12 இளையோரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள். ஒருவர் இசுலாமியப் பெண். 2016 சனவரியில் வெளியான ஆணை, ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர், நலமுள்ளோர், நோயுற்றோர் என இறைமக்கள் அனைவரிலிருந்தும் தெரிவு செய்யலாம் என விதியை மாற்றியது. சிறுமியரும் அமரலாம் என்பது இதனால் உறுதியானது. 2024இல் உரோமையின் ரெபிபியா சிறையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 12 பெண் கைதிகளின் பாதங்களை அவர் கழுவினார். 2025 ஏப்ரல் 17 அன்று, இறப்பதற்கு நான்கு நாள்களுக்கு முன், ரெசினா செலி சிறைக்குச் சென்ற அவரால் உடல்நிலை காரணமாகக் கழுவ இயலவில்லை. எனினும் கைதிகளைச் சந்தித்துத் திரும்பினார்.

சிறுவர்களுக்குக் கற்பித்தல்

உரோமையில் 1954இல் விவிலிய அறிஞர் சோபியா கவல்லெத்தியும் (1917-2011) மாண்டிசோரி ஆசிரியை சான்னா கோபியும் தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி' முறை இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அது மரியா மாண்டிசோரியின் கல்விக் கொள்கைகளை அடிப்படையாகக் கொண்டது. (மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர்.) இம்முறையில் இராவுணவு அறையின் சிறு மாதிரியும் இயேசு, சீடர்கள் ஆகியோரின் உருவங்களும் குழந்தையின் கையில் தரப்படுகின்றன. ஆசிரியர் குறைவாகவே பேசுவார். குழந்தை தானே உருவங்களை நகர்த்தி நிகழ்வை மீண்டும் அமைக்கும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் ஒழுக்கக் கட்டளைகளை முதலில் வைக்கக் கூடாது என்பது கவல்லெத்தியின் உறுதியான கருத்து. தான் பெயர் சொல்லி அழைக்கப்படும் ஆடு, தன்னை ஒருவர் பேணுகிறார் என்ற மகிழ்ச்சியே அவ்வயதில் போதுமானது. எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்வி ஏறத்தாழ ஆறு வயதுக்குப் பிறகு குழந்தையிடமிருந்தே எழும் என்றார் அவர். பேதுருவின் மறுப்பில் கண்ட அதே வரிசை இங்கும் அமைந்திருக்கிறது. சிறு குழந்தைகளைக் கொண்டு முதலில் பெரியவர்களின் காலைக் கழுவச் செய்யும் வகுப்புகள் இதை மறந்துவிடுகின்றன. பெரியவர் மண்டியிட்டுக் குழந்தையின் காலைக் கழுவும்போதுதான் அக்குழந்தை பேதுருவின் இடத்தில் அமர்ந்து, அவரது கூச்சத்தையும் உணர்கிறது.

தமிழ்ச் சூழலில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பெற்றோர், ஆசிரியர், பெரியோர் ஆகியோரின் பாதங்களை வணங்குவதும் கழுவுவதும் இங்குப் பழகிய மரியாதை. திருமணங்களில் பெண்வீட்டார் மணமகனின் பாதங்களைக் கழுவும் வழக்கமும் பல சமூகங்களில் காணப்படுகிறது. இவற்றைக் கண்டு வளரும் சிறுவர், சீடர்கள் மதிப்புக்குரியவர்கள் என்பதால் இயேசு அவர்கள் பாதங்களைக் கழுவினார் என்று எளிதாக விளங்கிக்கொள்வர். இங்குச் செயலின் திசை எதிரானது. ஆண்டவர், போதகர் என்று தம்மை அழைப்பது சரியே என்று கூறிய பின்னரே, அந்த நிலையில் உள்ள தாம் கழுவியதை இயேசு சுட்டிக்காட்டுகிறார். ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

'காட்லி பிளே' எனப்படும் முறையை உருவாக்கிய அமெரிக்க எப்பிசுகோப்பல் சபைக் குரு செரோம் பெரிமன், கதை முடிந்ததும் விடை தெரிந்த கேள்விகளைத் தவிர்க்கச் சொல்கிறார். கதையில் எந்தப் பகுதி பிடித்தது, கதையில் நீ எங்கே இருக்கிறாய் என்பன போன்ற திறந்த கேள்விகளே கேட்கப்படும். தன்னைப் பேதுருவாகக் காணும் குழந்தைக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கியவராகக் காணும் குழந்தைக்கும் பாடம் ஒன்றாக இருப்பதில்லை.

நடைமுறையில் சில எச்சரிக்கைகள் தேவை. காலைக் காட்ட விரும்பாத சிறுவரை வற்புறுத்தலாகாது. புண், குறைபாடு, கிழிந்த காலணி என வெளியில் சொல்லாத காரணங்கள் இருக்கலாம். பலர் முன்னிலையில், பெற்றோர் அறிய நடத்துவதே முறை. வகுப்பில் நடித்துக் காட்டியதோடு நிறுத்திவிட்டால் லூத்தரின் கண்டனம் பொருந்திவிடும். எனவே சில ஆசிரியர்கள் தண்ணீரை விடுத்து, வகுப்பறையைப் பெருக்குவது, புதிதாக வந்த மாணவரோடு அமர்ந்து உண்பது போன்ற, ஒருவரும் பார்க்காத வேலைகளைத் தருகின்றனர்.

திறனாய்வுகள்

தன்னலமற்ற அன்பு என்ற போதனை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் 1960இல் எழுதிய கட்டுரையில், செருக்கைப் பாவமென்றும் தன்னலமின்மையை மருந்தென்றும் கொள்ளும் இறையியல் ஆண்களின் பட்டறிவிலிருந்து எழுந்தது என்று வாதிட்டார். தன்னையே இழந்துவிடும் அளவுக்குப் பிறருக்காக வாழப் பழக்கப்பட்ட பெண்களுக்கு அது நோயையே மருந்தாகத் தருவதாகிவிடும். அதே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சிறுமிக்கும், சாதியின் பெயரால் வீட்டில் தலைமுறைகளாகப் பணிந்துபோகப் பழக்கப்பட்ட சிறுவருக்கும் இவ்வாதம் பொருந்தும். இவ்வகைச் சிறுவர்களை முதலில் நாற்காலியில் அமரச் செய்வதா, துண்டைக் கையில் கொடுப்பதா என்பது ஆசிரியர் ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டிய முடிவு.

கேரள இல்லங்களில்

இந்தியாவில் மார்த்தோமா கிறித்தவர்களிடையே சிறுவர்கள் இந்நாளின் பொருளைக் கோவிலில் மட்டுமன்றி வீட்டிலும் கற்கின்றனர். கோவிலில் ஆயரோ குருவோ 12 பேரின் பாதங்களைக் கழுவுவார். இரவில் வீட்டில் அரிசியும் உளுந்தும் கொண்டு புளிக்காத 'பெசகா அப்பம்' செய்து, குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலையால் அதன்மேல் சிலுவை இடுவர். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துப் 'பெசகா பால்' காய்ச்சப்படும். இறைவேண்டலுக்குப் பின் குடும்பத் தலைவர் அப்பத்தைப் பிட்டு மூத்தவர் முதல் இளையவர் வரை ஒவ்வொருவருக்கும் தம் கையால் கொடுப்பார். அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அவர்களுக்கான பங்கை அண்டை வீட்டாரோ உறவினரோ கொண்டுபோய்க் கொடுப்பர்.