கடை கட்டும் நேரம்

எமிலி ஸோலா 1873இல் 'பாரிஸின் வயிறு' என்று நாவலெழுதிய லே ஆல் சந்தையை எம்மவரில் பெரும்பாலானோர் கண்டதில்லை. 1969 மார்ச்சில் அது ஓர்லி விமானநிலையத்துக்கு அண்மையிலுள்ள ரன்ஜிஸுக்குப் பெயர்க்கப்பட்டது. பழைய இரும்பு மண்டபங்கள் 1971 தொடக்கம் இடிக்கப்பட்டன. எண்பதுகளில் நாம் வந்திறங்கியபோது அங்கே நிலத்தடிக் கடைத்தொகுதியொன்றுதான் இருந்தது.

நாம் கண்ட சந்தை பார்பெஸ். இரண்டாம் இலக்க மெற்றோ அங்கே தூண்களின் மேல் ஓடுகிறது. அதன் கீழே புதனும் சனியும் சந்தை கூடும். அருகிலுள்ள குத் தோர் பகுதியையும் ஸோலா விட்டுவைக்கவில்லை; 1877இல் வந்த 'லஸோம்வார்' நாவலின் சலவைக்காரி நொடித்துப் போவது அத்தெருக்களில்தான். அவளுடைய வர்க்கத்துக்குப் பின் அல்ஜீரியத் தொழிலாளர் அங்கு குடியேறினர்; பின்னர் மேற்கு ஆபிரிக்கர்; பிறகு நாம்.

எமது மரக்கறிகளை அங்கே தேடிப் பிடித்தோம். வெண்டிக்காய் அரபுக்காரரிடம் 'பாமியா', ஆபிரிக்கரிடம் 'கொம்போ'. இரண்டு பெயரும் தெரியாதவர்கள் விரலால் காட்டி வாங்கினோம். கொத்தமல்லி இலையைக் கறிக்குப் போடும் பழக்கமும் எங்களில் பலருக்கு இங்கேதான் தொற்றியது. ஊரில் மல்லி என்றால் விதைதான்.

ஆனால் எந்தக் கடையில் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதே எமக்கு முக்கியமாயிருந்தது. காலையில் கிலோக் கணக்கு. கடை கட்டும் நேரம் நெருங்கினால் பெட்டிக் கணக்கு. அதன் பின் விற்காததை நிலத்தில் விட்டுப் போவார்கள். பச்சை உடுப்புப் போட்ட நகரசபைத் தொழிலாளர் தண்ணீர் அடித்துக் கழுவ முன் எடுத்தவர் எடுத்ததுதான். அறுவடை முடிந்த வயலில் ஏழைகள் கதிர் பொறுக்கலாம் என இரண்டாம் ஹென்றி மன்னன் 1554இல் கட்டளையிட்டிருக்கிறான். அந்த வழக்கம் நகரத்துச் சந்தைகளில் தொடர்வதை அக்னெஸ் வார்தா 2000இல் தன் விவரணப்படத்தில் காட்டினார். நமக்கு அப்போது சட்டமும் தெரியாது, மன்னனையும் தெரியாது.

ஓரறையில் ஆறேழு பேர் முறைவைத்துச் சமைத்த காலம். தொடக்கத்தில் இது சிக்கனம் மட்டுமே. அகதி விண்ணப்பம் கொடுத்தவர் வேலை செய்ய அனுமதி இருந்தது. 1991 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை அதைப் பறித்தது. அதன் பின் வந்தவர்களுக்கு விசாரணை முடியும்வரை சிறு உதவிப்பணமும், அகப்பட்டால் களவு வேலையும்தான். சனிக்கிழமைப் பெட்டித் தக்காளி அவர்களுக்கு ஒரு கிழமைக் கறி.

எமது புலப்பெயர்வு வரலாறு எழுதுவோர் லாச்சப்பலில் தமிழ்க்கடைகள் பெருகிய கதையை விரிவாக எழுதுகிறார்கள். அது எழுதவேண்டியதே. நள்ளிரவு கடந்து ரன்ஜிஸுக்கு வான் ஓட்டிய உழைப்பு சாதாரணமானதல்ல. ஆயினும் குனிந்து பொறுக்கியவர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை. வெட்கம் ஒரு காரணம். ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் நாம் இதை எழுதவில்லை.

விசாவும் வேலையும் கிடைத்தவர்கள் மெல்லமெல்லக் காலைநேரத்துக்கு மாறினோம். 2015இல் அதே மெற்றோப் பாதையின் கீழ், எங்கள் கடைகளுக்கு எதிரே, சூடானியரும் எரித்திரியரும் கூடாரமடித்திருந்தார்கள். ஜூன் 2ந் திகதி பொலிஸார் அவற்றைப் பிடுங்கினர். பார்பெஸ் சந்தை அங்கிருந்து ஒரு தரிப்பிடம். கடை கட்டும் நேரத்தில் இப்போது அங்கே வேறு மொழிகள் கேட்கின்றன.