டெர்சு உசாலா (திரைப்படம்)

டெர்சு உசாலா 1975 ஆம் ஆண்டு வெளிவந்த சோவியத்-ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்புத் திரைப்படமாகும். ஜப்பானிய இயக்குனர் அகிரா குரோசாவா இதனை ரஷ்ய மொழியில் இயக்கினார். ஜப்பானிய மொழி அல்லாத வேறொரு மொழியில் அவர் எடுத்த ஒரே திரைப்படம் இதுவாகும். ரஷ்ய நிலஅளவையாளர் ஒருவருக்கும் நானாய் இன வேட்டைக்காரர் ஒருவருக்கும் இடையே ஏற்படும் நட்பே இதன் கருப்பொருள் ஆகும். ரஷ்ய ஆய்வாளர் விளாதிமிர் ஆர்செனியேவ் எழுதிய நினைவுக்குறிப்பு நூலைத் தழுவி இது எடுக்கப்பட்டது.

பின்னணி

1970 இல் வெளியான டோடெசுகாடென் என்ற திரைப்படம் வணிகரீதியாகத் தோல்வியடைந்தது. அதன் பின்னர் குரோசாவாவுக்கு ஜப்பானில் பட வாய்ப்புகள் அரிதாயின. 1971 இல் அவர் தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார். இந்நிலையில் சோவியத் நிறுவனமான மாஸ்பிலிம் அவரை அழைத்தது. அவர் இளமையிலேயே படமாக்க விரும்பியிருந்த நூலையே தேர்ந்தெடுத்தார். திரைக்கதையை யூரி நகிபினுடன் இணைந்து எழுதினார். படப்பிடிப்பு ரஷ்யாவின் தூரகிழக்குக் காடுகளில் 70 மி.மீ. படச்சுருளில் நடைபெற்றது.

கதைச்சுருக்கம்

எச்சரிக்கை: கதையின் முடிவு கீழே தரப்பட்டுள்ளது.

1910 இல் ஆர்செனியேவ் தன் நண்பரின் கல்லறையைத் தேடி வருகின்றார். குடியேற்றத்திற்காக மரங்கள் வெட்டப்பட்டுவிட்டதால் அதனை அவரால் கண்டறிய இயலவில்லை. கதை 1902 ஆம் ஆண்டிற்குத் திரும்புகின்றது.

உசூரிப் பகுதியில் நிலஅளவை செய்யும் படைக்குழுவிற்கு டெர்சு வழிகாட்டியாகின்றார். பெரியம்மை நோயினால் மனைவி மக்களை இழந்து தனியே வாழ்பவர் அவர். நெருப்பு, நீர், விலங்கு அனைத்தையும் மனிதராகவே கருதுகின்றார். பாழடைந்த குடிசையொன்றைச் செப்பனிட்டு, அடுத்து வரும் முகமறியாதவருக்காக அரிசி, உப்பு, தீக்குச்சி ஆகியவற்றை வைக்கச் சொல்கின்றார். கங்கா ஏரியில் பனிப்புயல் வீசும்பொழுது நாணற்புற்களை அறுத்து மறைவிடம் அமைத்து ஆர்செனியேவின் உயிரைக் காப்பாற்றுகின்றார்.

1907 இல் இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். புலியொன்றைச் சுட்ட பின்னர் டெர்சுவை அச்சம் பற்றுகின்றது; பார்வையும் மங்குகின்றது. வேட்டையாட இயலாத அவரை ஆர்செனியேவ் கபரோவ்சுக் நகரிலுள்ள தன் இல்லத்திற்கு அழைத்துச் செல்கின்றார். விறகு வெட்டுவதற்கும் துப்பாக்கி சுடுவதற்கும் தடையுள்ள நகர வாழ்வு டெர்சுவிற்கு ஒவ்வவில்லை. காடு திரும்பும் அவருக்கு ஆர்செனியேவ் புதிய துப்பாக்கி ஒன்றைப் பரிசளிக்கின்றார். அத்துப்பாக்கிக்காகவே அவர் கொல்லப்பட்டிருக்கலாம் எனத் தெரியவருகின்றது. அன்பினால் அளித்த பொருளே நண்பரின் இறப்பிற்குக் காரணமாயிருக்கக்கூடும் என்பது படத்தின் துயரமாகும்.

நடிகர்கள்

மாக்சிம் முன்சுக் - டெர்சு உசாலா
யூரி சலோமின் - ஆர்செனியேவ்

முன்சுக் தூவா இனத்தைச் சேர்ந்தவர்.

விருதுகள்

1975 - மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழா, தங்கப் பரிசு
1976 - சிறந்த வெளிநாட்டு மொழித் திரைப்படத்திற்கான அகாதமி விருது (சோவியத் ஒன்றியத்தின் சார்பில்)

இவற்றையும் பார்க்க

அகிரா குரோசாவா
ரஷோமோன்