சிறுத்தை பிறந்த மண்ணில் சாக்கடை

நம் தெருச் சுவர்களில் பாய்கிற சிறுத்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1982-ல் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய இயக்கத்தைச் சொல்வோம். இன்னும் பின்னால் போனால் 1972 பம்பாய். நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் தோழர்களும் தொடங்கிய தலித் பேந்தர்ஸ். அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பிளாக் பேந்தர் கட்சியிடமிருந்து. 1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்தில் தொடங்கப்பட்ட கட்சி அது.

ஆனால் ஓக்லண்டும் தொடக்கம் அல்ல. அந்த நகரத்து இளைஞர்கள் சிறுத்தையை ஒரு பட்டிக்காட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் கவுன்ட்டி அது. கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. நம் சிறுத்தையின் பூர்வீகம் அந்தப் பருத்திக்காடு.

இன்று லௌண்டஸ் செய்திகளில் அடிபடுவது வேறு காரணத்துக்காக. வீட்டுக்குப் பின்னால் மலக்கழிவு தேங்கி நிற்கிறது. மழை பெய்தால் அது வீட்டுக்குள்ளேயே ஏறி வருகிறது. உயிரைக் கொடுத்து ஓட்டுரிமை வாங்கிய மக்களுக்கு, அறுபது ஆண்டுகள் ஆகியும் ஒழுங்கான கழிவுநீர் வசதி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் நம் ஊர்களையும் புரிந்துகொள்ளலாம்.

மண்ணின் மீது பழி

அதிகாரிகள் முதலில் சொல்லும் காரணம் மண். அதில் உண்மை இருக்கிறது. அலபாமாவின் நடுவே ஓடும் இந்தப் பகுதிக்குப் பிளாக் பெல்ட் என்று பெயர். மண்ணின் கறுப்பு நிறத்தால் வந்த பெயர், பிறகு கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதி என்ற பொருளையும் பெற்றது. கோவில்பட்டிப் பக்கத்துத் தோழர்களுக்கு இந்த மண்ணை விளக்க வேண்டியதில்லை. நம் கரிசல் மாதிரிதான். மழையில் உப்பிப் பிசுபிசுக்கும், கோடையில் வெடிப்பு விடும். பருத்திக்கு ஏற்றது. தண்ணீரை மட்டும் லேசில் உள்ளே விடாது.

செப்டிக் டேங்க் வேலை செய்ய மண் ஒத்துழைக்க வேண்டும். தொட்டியில் கசடு அடியில் தங்கும். மேலே தெளியும் நீர் குழாய் வழியே வெளியேறி மண்ணுக்குள் இறங்க வேண்டும். இறங்க வழியில்லாத மண்ணில் அந்த நீர் மேலே பொங்கும், அல்லது வந்த வழியே கழிப்பறைக்குத் திரும்பும். இந்த மண்ணுக்கென்று மண்மேடு கட்டி அமைக்கும் தனி முறை உண்டு. ஆனால் அதற்கு 15 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஒரு ஏழைக் குடும்பத்தின் ஓராண்டு வருமானமே அதில் கரைந்துவிடும். அதனால் பலர் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, கழிவைக் கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளத்தில் விடுகிறார்கள்.

சரி, மண்தான் காரணம் என்றால், இந்த மண்ணுக்கு இந்த மக்களைக் கொண்டுவந்தது யார்?

இது மஸ்கோகி பழங்குடிகளின் நிலம். 1814-லும் 1832-லும் போட்ட ஒப்பந்தங்களால் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. பருத்தி விளையும் மண் என்று தெரிந்ததும் தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. நிலம் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு, அவன் கடையிலேயே கடன் வாங்கி, அவன் கொடுத்த குடிசையில் வாழ்ந்தார்கள். குடியிருக்கும் இடம் உனக்குச் சொந்தமில்லை என்றால் அங்கே யார் கழிப்பறை கட்டுவார், யார் குழாய் போடுவார்? பண்ணையார் நிலத்தில் குடியிருந்த நம் பாட்டன் பாட்டிமாரைக் கேட்டால் இதற்குப் பதில் சொல்வார்கள்.

ஓட்டும் கூடாரமும்

1965 தொடக்கத்தில் லௌண்டஸில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. மார்ச் 21 முதல் 25 வரை மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் செல்மாவிலிருந்து மான்ட்காமரிக்கு நடந்த பேரணி, 80-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே இந்தக் கவுன்ட்டியைக் கடந்துதான் போனது. பேரணி முடிந்த அன்றிரவே, போராட்டக்காரர்களுக்குக் கார் ஓட்டிய வயோலா லியுஸோ என்ற வெள்ளைப் பெண்மணி லௌண்டஸ் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் அதன் தலைநகரான ஹேன்வில்லில் கொல்லப்பட்டார். சுட்டவனை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது. கீழ்வெண்மணித் தீர்ப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மக்கள் வரிசையில் நின்று பெயர் பதிந்தார்கள். பதிந்தவர்களை நிலவுடைமையாளர்கள் குடிசையைவிட்டு விரட்டினார்கள். விரட்டப்பட்ட குடும்பங்கள் 1965 டிசம்பரில் அதே நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டன. கூடார நகரம் என்று பெயர். துப்பாக்கிச் சூடு நடந்தும் கலையாமல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கே வாழ்ந்தார்கள்.

அப்போதுதான் ஜான் ஹ்யூலட் முதலிய உள்ளூர்த் தலைவர்களும், ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலிய மாணவர் இயக்கத்தினரும் சேர்ந்து லௌண்டஸ் கவுன்ட்டி சுதந்திர அமைப்பு என்ற தனிக் கட்சியை உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கட்சிக்கு ஒரு சின்னம் வேண்டும். அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாண்மை என்ற சொல்லே அதன் முழக்கத்தில் இருந்தது. சேவலுக்கு எதிராக இவர்கள் கருஞ்சிறுத்தையை நிறுத்தினார்கள். 1966 நவம்பர் தேர்தலில் அத்தனை இடங்களிலும் தோற்றார்கள். விடவில்லை. 1970-ல் ஹ்யூலட் அந்தக் கவுன்ட்டியின் ஷெரீப்பாகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். மக்கள் வாழ்க்கை அங்கே முடியவில்லை. நாற்காலி வந்தது. நிலமும் பணமும் வரவில்லை. கவுன்ட்டியின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பகுதிக்கு இன்றும் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லை. ஒரே துண்டு நிலத்தை மூன்று தலைமுறை வாரிசுகள் பத்திரம் மாற்றாமல் அனுபவித்து வருவதால், அரசு உதவி கேட்கப் போனால் உரிமை ஆவணம் எங்கே என்கிறார்கள். பட்டா இல்லாத நம் காலனி வீடுகளின் கதைதான்.

குற்றவாளி யார்?

வசதி செய்து தராத அரசு, வசதி இல்லாதவர்களைக் குற்றவாளி ஆக்கியது. கழிவுநீரைத் திறந்தவெளியில் விடுவது அலபாமா சட்டப்படி குற்றம். அபராதம் விதித்தார்கள். வழக்குப் போட்டார்கள். கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சொந்த ஊருக்குத் திரும்பிய கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதைக் கண்டுதான் இந்தப் போராட்டத்தைக் கையில் எடுத்தார். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். பத்திரிகையாளர்களையும் அரசியல்வாதிகளையும் அழைத்துவந்து அந்தக் கொல்லைப்புறங்களைக் காட்டினார்.

அவர் தூண்டுதலால் டெக்சாஸின் பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வந்தார்கள். 2017-ல் வெளியான அவர்களது ஆய்வு, பரிசோதித்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுவின் தடயம் இருப்பதாகச் சொன்னது. சிறிய ஆய்வு. மாநிலச் சுகாதாரத் துறை அதன் முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆனால் கொல்லைப்புறத்தில் தேங்கிய கழிவை யாராலும் மறுக்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் கடும் வறுமைக்கான சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்தார். உலகின் பணக்கார நாட்டில் இப்படியா என்று உலகமே கேட்டது.

சுத்திகரிப்பு நிலையம் வந்தால் தீருமா?

தோழர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குழாய் இல்லாததுதான் பிரச்சினை என்றால், குழாய் போட்டு ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீர்ந்துவிட வேண்டும். ஹேன்வில்லில் குழாய் உண்டு. கழிவு போய்ச் சேருவது ஒரு திறந்தவெளிக் குட்டையில். வெயிலும் நுண்ணுயிரும் கழிவைச் சிதைக்கும் என்பது ஏற்பாடு. அந்தக் குட்டையை ஒட்டியே வீடுகள் இருக்கின்றன. கனமழையில் கழிவு அந்த வீடுகளுக்குள் திரும்பி வருகிறது. இவர்கள் மாதாமாதம் கழிவுநீர்க் கட்டணம் கட்டுகிறவர்கள்.

அதே நெடுஞ்சாலையில் செல்மாவைத் தாண்டி மேற்கே போனால் யூனியன்டவுன் என்ற சிற்றூர். பெர்ரி கவுன்ட்டியைச் சேர்ந்தது. மக்களில் 10-க்கு 9 பேர் கறுப்பினத்தவர். அங்கே ஊர்க் கழிவோடு மீன் பதப்படுத்தும் ஆலையின் கழிவும் குட்டைகளுக்கு வந்தது. குட்டை நீரை ஒரு வயலில் தெளித்துவிடுவார்கள், மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது திட்டம். எந்த மண்? தண்ணீரை உள்ளே விடாத அதே மண். தெளித்த நீர் வழிந்து ஓடைக்குப் போனது. 2012-க்குப் பிறகு நடுவண் அரசு நிதியோடு புதிய திட்டம் ஒன்று வந்தது. அதிலும் இன்னொரு தெளிப்பு வயல்! முதல் வயலே உறிஞ்சாதபோது இரண்டாவது எப்படி உறிஞ்சும் என்று ஊர் மக்கள் கேட்டார்கள். பொறியியல் படிக்காதவர்கள் கேட்ட இந்தக் கேள்வி படித்தவர்களின் திட்ட அறிக்கையில் இல்லை.

இதே ஊருக்குத்தான், 2008 டிசம்பரில் டென்னசி மாநில அனல்மின் நிலையத்தில் உடைந்து கொட்டிய நிலக்கரிச் சாம்பலில் சுமார் 40 லட்சம் டன் கொண்டுவரப்பட்டது. சாம்பல் கொட்டிய மாநிலம் வேறு, அதைச் சுமந்த ஊர் வேறு. எதிர்த்துப் பேசிய 4 பேர் மீது கிடங்கு நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டது. அவர்கள் பணியவில்லை. 2017-ல் வழக்கு கைவிடப்பட்டது.

சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம் என்று இந்த மக்கள் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது மூன்று. எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்தது? யார் கழிவு இங்கே வருகிறது? பத்தாண்டு கழித்துப் பழுதானால் யார் செலவில் யார் சரிசெய்வது?

வந்த ஒப்பந்தமும் போன ஒப்பந்தமும்

2021 நவம்பரில் அமெரிக்க நீதித் துறை, 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவின் கீழ் அலபாமா சுகாதாரத் துறை மீது விசாரணை தொடங்கியது. நடுவண் அரசின் பணத்தைப் பெறும் எந்த அமைப்பும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவு. 2023 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. கழிவுநீருக்காக மக்கள் மீது வழக்குப் போடுவதை நிறுத்த வேண்டும், நிலைமையைக் கணக்கெடுத்துத் தீர்வுத் திட்டம் தீட்ட வேண்டும் என்று முடிவானது. இரண்டே ஆண்டு. 2025 ஏப்ரலில் புதிய ஆட்சியின் நீதித் துறை அந்த ஒப்பந்தத்தையே முடித்துவைத்தது. இனத்தைக் கணக்கில் எடுத்துச் செய்யும் இத்தகைய ஏற்பாடுகள் அரசின் புதிய கொள்கைக்கு எதிரானவையாம்.

கழிப்பறைக்குள் சாக்கடை ஏறி வருவதை நிறுத்தச் சொன்னது சலுகை ஆகிவிட்டது. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று சொல்லக் கேட்டுப் பழகிய நமக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியும்.

நம் கையில் இருப்பது

லௌண்டஸுக்கும் நம் சேரிகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கே கழிவு நம் குடியிருப்புக்கு வருவதோடு நிற்பதில்லை. அந்தத் தொட்டிக்குள் இறங்குவதும் நம் ஆளாகவே இருக்கிறான். 2013-ல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் செப்டிக் டேங்க் சாவுகள் நிற்கவில்லை. கறுப்பின மக்களுக்குப் பிறப்பால் சுமத்தப்படாத வேலை ஒன்றை சாதி நம் தலையில் வைத்திருக்கிறது.

அதே நேரம் அவர்களிடம் இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவரின் குடியிருப்பிலோ அதன் வாசலிலோ மலத்தையோ சாக்கடையையோ கொட்டுவது வன்கொடுமைக் குற்றம். பிரிவு 3(1)(ஆ). இந்தப் பிரிவு எத்தனை காவல் நிலையங்களுக்குத் தெரியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நமக்குத் தெரிய வேண்டும்.

எனவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரின் படத்தைக் கையால் வரையுங்கள். ஊர்த் தெருவின் சாக்கடை எங்கே போய் முடிகிறது, பேரூராட்சியின் கழிவுநீர் லாரி இரவில் எங்கே திறந்துவிடுகிறது, வரப்போகிற சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குறித்திருக்கும் புறம்போக்கு யார் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். தேதியோடு புகைப்படம் எடுங்கள். கிராம சபையில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கேத்தரின் ஃபிளவர்ஸ் தொடங்கியதும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துத்தான்.

கூடார நகரம் இருந்த இடத்தில் இன்று அமெரிக்க அரசு ஓர் அருங்காட்சியகம் கட்டி வைத்திருக்கிறது. சாலை நல்ல சாலை. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து அந்தப் போராட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதே கவுன்ட்டியில், அந்தப் போராளிகளின் பேரப்பிள்ளைகள் மழை வந்தால் கழிப்பறையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். சிலையும் மணிமண்டபமும் கட்டித் தருகிற அரசுகளிடம் நாமும் கேட்க வேண்டியது இதுதான்: சாக்கடைக் குழாய் எப்போது?