இரு கரைச் சட்டங்கள்

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டி மின்சாரத்தால் செய்தி போகத் தொடங்கியது 1850களின் இறுதியில். மன்னார்த் தீவின் வழியே கம்பி இழுத்து, கடலுக்கடியில் வடமும் போட்டு, இலங்கையை இந்தியாவோடு பிணைத்தார்கள். கடிதத்துக்கு உறை உண்டு, அரக்கு முத்திரை உண்டு. தந்திக்கோ அவை இரண்டும் இல்லை. அனுப்புகிறவர் பாரத்தில் எழுதிக் கொடுத்த சொற்களை ஒரு குமாஸ்தா ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் வாங்கி, பிறகு கருவியில் தட்ட, அந்த ஓசையை மறுமுனையில் இன்னொருவர் காதால் வாங்கித் தாளில் எழுத, மரணச் செய்தியானாலும் கடன் நெருக்கடியானாலும் உரியவர் கையை அடையுமுன் இரண்டு அந்நியர்களாவது அதைப் படித்தே தீரவேண்டும். ஆகவே, தந்தியின் அந்தரங்கம் ஆரம்பத்திலிருந்தே சட்டத்தின் தயவில் வாழவேண்டியதாயிற்று.

அந்தச் சட்டம் என்ன செய்தது? 1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம், செய்தியை வெளியிடும் குமாஸ்தாவுக்குத் தண்டனை விதித்தது. பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களின் பேரில் எவருடைய செய்தியையும் நிறுத்திப் பார்க்க 5ஆம் பிரிவில் சர்க்காருக்கு அதிகாரமும் அளித்தது. குமாஸ்தாவின் வாயைக் கட்டிய அதே சட்டம் அதிகாரியின் கையை அவிழ்த்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும் கிட்டத்தட்ட அதே காரணங்களின் பேரில், செய்திகளைத் தடுக்கவும் இடைமறிக்கவும் கட்டளையிடும் அதிகாரத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது.

அச்சட்டம் பிறந்தபோது மன்னார் யுத்தத்தின் நடுவே இருந்தது. தலைமன்னார் ரயில் 1990இல் நின்றுபோய்விட்டது. அக்கரையில் மண்டபம் முகாமில் அகதிகள். இக்கரையில் அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும். பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றாம் மனிதர் கேட்கக்கூடும் என்ற அச்சத்தோடு பேசிப் பழகிய ஒரு தலைமுறை இக்கரையோரத்தில் வளர்ந்தது. அந்த அச்சத்தை யுத்தகாலத்துத் துன்பங்களில் சிறியதென்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாயிடம்கூட மனம்விட்டுப் பேசமுடியாமற் போவது சிறிய இழப்பன்று.

5ஆம் பிரிவின் அந்த அதிகாரத்துக்கு இந்தியாவில் முதல் தடுப்பு 1996 டிசம்பர் 18ஆம் தேதி விழுந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையின் பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கூறி, ஒட்டுக்கேட்கும் உத்தரவை உள்துறைச் செயலாளரே பிறப்பிக்கவேண்டும், அது இரண்டு மாதத்துக்கே செல்லும், ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பரிசீலிக்கவேண்டும் என்று விதித்தது. ஆனால் முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்றே நிலைநாட்டியது. 2025 ஜூலை 2ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2011ஆம் வருஷத்து ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை ரத்துச் செய்தார்: குற்றத்தைத் துப்பறிவதற்காக மறைவாகக் கேட்பது பொது நெருக்கடியுமாகாது, பொதுப் பாதுகாப்புமாகாது என்பது அவர் தீர்ப்பு.

இலங்கையின் நிலையோ தலைகீழானது. 1978ஆம் வருஷத்து அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்க உரிமை வெளிப்படையாக இடம்பெறவில்லை. ஆயினும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், மின்னணுத் தொடர்பை இடைமறிக்கவும், யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரத்தைப் பெறவும் நீதவானின் பிடியாணையைக் கேட்கிறது. அவசரம், தடயம் அழியும் அபாயம், இரகசியம் காக்கும் தேவை ஆகியவற்றைச் சொல்லிப் பொலிஸார் பிடியாணையின்றியும் செய்யலாமென்று அதே சட்டம் இடம் கொடுத்திருப்பது பெரும் ஓட்டைதான். எனினும் நீதவானின் கதவு அங்கே இருக்கிறது. ஒரு கரையில் உரிமை இருக்க நீதிபதி இல்லை, மறுகரையில் நீதவான் இருக்க உரிமை எழுதப்படவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், அரசியலமைப்பில் உள்ள அந்த வெற்றிடம் நிரம்பவில்லை.

இன்று மன்னார்த் தீவின் பேசாலைக் கடற்கரை வாடியில், நனையாமலிருக்கப் பொலித்தீன் பைக்குள் சுற்றிய கைத்தொலைபேசியை எடுத்து மண்டபத்திலுள்ள தமக்கையை வாட்ஸ்அப்பில் அழைக்கும் மீனவருக்கு, பேச்சு இரு முனைகளுக்கு இடையே பூட்டப்பட்டே செல்கிறது. ஆனால் எந்தக் கோபுரத்தின் எல்லையில், எந்த நேரத்தில் அவருடைய தொலைபேசி உயிரோடிருந்தது என்ற குறிப்பு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சேர்ந்துகொண்டே போகிறது. எல்லைக் கடலில் தொழில் செய்கிறவருக்குப் பேச்சைவிட அந்தக் குறிப்பே ஆபத்தானது. அதை எவரேனும் வாங்கிப் பார்த்திருந்தால், விசாரணை முடிந்தபின்பாவது அவருக்கு அறிவிக்கவேண்டாமா? ஜெர்மனியில், நோக்கத்துக்குப் பங்கம் நேராத நிலை வந்ததும், கண்காணிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லவேண்டுமென்று சட்டமே கூறுகிறது. கொழும்பும் டில்லியும் அந்த ஒரு விதியையாவது மேற்கொள்ளவேண்டும் என்பது என் கோரிக்கை.

1844இல் லண்டனில் இத்தாலியப் புரட்சியாளர் மாஜினியின் கடிதங்களைச் சர்க்கார் இரகசியமாகப் பிரித்துப் படித்ததும், அது பாராளுமன்றத்தில் எழுப்பிய கொந்தளிப்பும் அடுத்த வாரம்.