மரை பிரான்சு, தலை இங்கிலாந்து

ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக்கின் தலை மழுங்கிச் சுற்றுவதற்குத் துருவை மட்டும் குறை சொல்லக் கூடாது. பல நேரங்களில் குற்றவாளி பொருந்தாத ஸ்பேனர்தான். அரை அங்குலத் தலையில் 13 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால் இடைவெளி வெறும் 0.3 மி.மீ. இறுகிய போல்ட்டின் முனைகளைத் தேய்க்க அது போதும்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். 1841-ல் ஜோசப் விட்வொர்த் மரைக்கு 55 பாகைக் கோணம் வகுத்தார். 1864-ல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை என்றார். பிரான்சோ மெட்ரிக் வழியில் போனது.

முதல் உலகப்போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தொழிற்சாலை அமைத்தது. 1923-ல் வில்லியம் மோரிஸ் அதை வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் வெட்டியது மெட்ரிக் மரை. அவற்றைத் தூக்கியெறிய மனம் வருமா? ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்கிடம் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர்கள். (அவற்றில் பொறித்த எண் வாயின் அகலம்கூட அல்ல, போல்ட்டின் விட்டம்!) ஆகவே மெட்ரிக் மரைக்கு விட்வொர்த் தலை வைத்தார்கள். எம்.ஜி. டி வரிசைக் கார்களின் எஞ்சின்களில் இந்தக் கலப்பு 1955 வரை நீடித்தது.

பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் 1948-லேயே பொது மரைக்கு ஒப்புக்கொண்டிருந்தன. பழைய எஞ்சின்களுக்கு அதனால் பயனில்லை. அவற்றில் தலை மழுங்கினால், சற்றே சிறிய அறுகோண சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது.