வானம் தெளியும் வரை

நெடுந்தூர விமானப் பயணத்திற்கு நாள் குறித்தவர்கள் முதல்நாள் மாலையில் அடிக்கடி வானத்தை அண்ணாந்து பார்ப்பது இயல்பு. மழை வருமோ, மூடுபனி கவியுமோ என்னும் கவலை அவர்களை உறங்கவிடுவதில்லை. இக்கவலையைக் கோழைத்தனம் என்று நகைப்பாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இக்கவலையின் வரலாறே. மாணவ நண்பர்களே, அதற்குச் சான்றாக 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு என்று 1919ஆம் ஆண்டில் ரேமண்ட் ஆர்ட்டைக் என்னும் விடுதி உரிமையாளர் அறிவித்திருந்தார். 1927 மே 8ஆம் நாள் பாரிஸிலிருந்து புறப்பட்ட நன்ஜெஸ்ஸர், கோலி என்னும் பிரெஞ்சு வீரர் இருவரும் நியூயார்க்கை வந்தடையவே இல்லை. அவர்கள் கதி என்னவென்று எவருக்கும் தெரியவில்லை. அந்தத் துயரச் செய்தியின் நிழலில்தான், நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் மூன்று விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. அவற்றுள் ஒன்றின் விமானி, தபால் விமானம் ஓட்டிப் பழகிய இருபத்தைந்து வயது இளைஞர் சார்லஸ் லிண்ட்பர்க்.

மே 12ஆம் நாள் அங்கு வந்து சேர்ந்த அவரை ஒரு வாரம் மழையும் மூடுபனியும் தடுத்து நிறுத்தின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாம் நிற்குமிடத்து வானத்தை எவரும் பார்த்து அறியலாம். ஆயிரம் மைலுக்கு அப்பால், நடுக்கடலின் மேலுள்ள வானத்தை அறிவது எங்ஙனம்? அதற்கு அந்நாளில் துணை நின்றவை கப்பல்கள். அவை கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பிய காற்றழுத்தம், காற்றின் திசை முதலிய குறிப்புகளைத் தொகுத்து, நியூயார்க் வானிலை நிலையத்தில் டாக்டர் ஜேம்ஸ் கிம்பல் படம் வரைந்து வந்தார். கப்பல் செல்லாத கடற்பரப்பைப் பற்றி அப்படம் ஒன்றும் சொல்லாது.

மே 19ஆம் நாள் மாலை, தூறல் ஓயாத நேரத்தில், வட அட்லாண்டிக்கின் மீது வானம் தெளிந்து வருவதாகச் செய்தி கிடைத்தது. லிண்ட்பர்க் அன்றிரவே முடிவு செய்தார். மறுநாள் காலை 7.52 மணிக்கு, சுமார் 450 காலன் பெட்ரோலைச் சுமந்த விமானம் சேறான தரையில் ஓடி எழுந்து, எதிரே இருந்த தொலைபேசிக் கம்பிகளை மயிரிழையில் கடந்தது.

கடலின் மீது இரவு வந்தது. பெருமேகங்களுள் புகுந்தபோது விமானத்தின் மீது பனிக்கட்டி படிவதைக் கண்டார். பனி மிகுந்தால் விமானம் கனத்து விழும். உடனே பின்னால் திரும்பித் தெளிந்த வெளிக்கு வந்து, மேகத் திரள்களைச் சுற்றி வழி தேடினார். முன்னேறுவது மட்டுமா வீரம்? திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியதும் வீரமே. மே 21ஆம் நாள் இரவு, முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 3,600 மைல் கடந்து, அவர் பாரிஸில் இறங்கினார்.

மற்றொரு விமானத்தின் கதையும் அறியத்தக்கது. ஜூன் 29ஆம் நாள் புறப்பட்ட ரிச்சர்டு பேர்டும் தோழர் மூவரும் கடலைக் கடந்து பிரான்ஸ் நாட்டின் மேல் வந்துவிட்டனர். ஆனால் மழையும் மூடுபனியும் பாரிஸை மறைத்துவிட்டன. தரை தெரியாமல் அலைந்து, இறுதியில் நார்மண்டிக் கரையோரக் கடலில் இறங்கினார்கள். நல்வாய்ப்பாக நால்வரும் பிழைத்தனர். புறப்படும் இடத்து வானமும் இடைவழி வானமும் தெளிந்திருந்தால் போதாது, சேருமிடத்து வானமும் இடங்கொடுக்க வேண்டும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

1960ஆம் ஆண்டில் டைராஸ் என்னும் முதல் வானிலைத் துணைக்கோள் மேகங்களை மேலிருந்து படம்பிடிக்கத் தொடங்கியது. இன்று ஜெட் விமானங்கள் பெரும்பாலான மேகங்களுக்கு மேலே பறக்கின்றன. முன்னுள்ள புயல் முகிலை ராடார் காட்டுகிறது. சேருமிடம் மூடியிருந்தால் இறங்குவதற்கு வேறொரு நிலையமும் முன்னதாகவே குறிக்கப்படுகிறது. இவை யாவும் அன்றைய கவலையின் கனிகளே. ஆகவே, மூடுபனியால் விமானம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்கும்போது சினங்கொள்ளாதீர்கள். காத்திருக்கக் கற்றதனாலேயே மனிதன் பத்திரமாகப் பறக்கக் கற்றான்.